தவணை நாளுக்கு ஒரு சுருள் ரொட்டி

கொழும்பு மாநகரிலே புதுக்கடைக்கு இரு முகங்கள் உண்டு. இரவிலே அது உணவுத் தெரு. கொத்துரொட்டியின் தாளமும் சுட்ட இறைச்சியின் புகையும் நள்ளிரவு வரை ஓயா. பகலிலோ அது நீதிமன்றங்களின் ஊர். தம் பெயர் எப்போது அழைக்கப்படுமோ என விறாந்தையிற் காத்திருப்பவருக்குக் கடை பத்தடித் தூரத்தில் இருந்தும் பயனில்லை. எழுந்துபோன வேளையில் வழக்கை அழைத்துவிட்டால் என் செய்வது?

காணி வழக்கொன்றிற்காக வந்த உறவினர் ஒருவருக்குத் துணையாக நாமும் அங்கே ஒரு நாள் இருக்க நேர்ந்தது. அவர் நீரிழிவுக்காரர். காலையில் மாத்திரையை விழுங்கினார். மதிய உணவைக் கொண்டுவர மறந்தார். ஒரு மணியளவில் அவருடைய கைகள் நடுங்கின. சட்டை வியர்வையில் நனைந்தது. கேட்ட கேள்விக்கு மறுமொழி இல்லை. அருகிலிருந்த தாய் ஒருத்தி தம் குழந்தைக்கு வைத்திருந்த இனிப்புப் பானத்தைத் தந்திராவிடின், அன்று நாம் மருத்துவமனைக்குத்தான் ஓடியிருப்போம்.

அதன் பின்னரே நம் இல்லத்தில் ஆராய்ச்சி தொடங்கிற்று. மடியில் வைத்து, ஒரு கையாற் சிந்தாமல், ஐந்து நிமிடத்தில் உண்ணத்தக்கது எது? சோற்றுப் பொதிக்கு இடமும் வேண்டும். கை கழுவ நீரும் வேண்டும். முடிவில் தேறியது, ரின் மீனும் கௌபியும் வைத்துச் சுருட்டிய ரொட்டி. (சுருட்டு என்றதும் யாழ்ப்பாணத்துப் பெரியோர் வேறொன்றை நினைக்க வேண்டா!)

ரின் மீன் என்றால் நம் அன்னையார் முகஞ் சுளிப்பார். சந்தையில் மீன் இருக்கத் தகரத்தை ஏன் உடைக்கிறாய் என்பார். ஆனால் மூடி முத்திரையிட்ட பின்னர் கொதிநிலைக்கு மேற்பட்ட வெப்பத்தில் அவிக்கப்படுவதால், அம்மீனின் முள்ளும் மாவாகிவிடுகிறது. அதனைக் களையாது உண்டால் சுண்ணாம்புச் சத்துக் கிட்டும். உணவைத் தகரத்தில் அடைக்கும் முறைக்கு இங்கிலாந்திற் காப்புரிமை பெறப்பட்ட ஆண்டு 1810. திறக்கும் கருவி வந்ததோ ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து. அதுவரை உளியும் சுத்தியலுமே துணை.

இனிச் செய்முறை. கௌபியை இரவே ஊறவைத்துக் காலையில் நன்கு அவித்துக் கொள்க. பயற்றினத்தின் மாச்சத்து மெல்லச் செரிப்பதால் சீனி சட்டென்று ஏறாது. 425 கிராம் ரின் ஒன்று நால்வருக்குப் போதும். உப்புநீரை வடித்து மீனை உதிர்த்து, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, மிளகுத்தூளுடன் ஈரம் வற்றும்வரை வதக்குக. உப்புச் சேர்க்க வேண்டா. மீனிலேயே போதிய அளவு உண்டு. பின்னர் கௌபியைப் பாதி மசித்துக் கலந்தால் உதிராமல் ஒட்டிக்கொள்ளும். இறக்கியபின் தேசிக்காய்ப்புளி விடுக. தேங்காய்ப்பூ கூடாது, வெயிலுக்கு ஊசிப்போம்.

ரொட்டிக்குக் குரக்கன்மா மாத்திரம் எடுத்தால் சுருட்டும்போது வெடிக்கும். இப்பிழையை நாம் மும்முறை செய்தோம். குரக்கன் ஒரு பங்கு, ஆட்டா மா இரு பங்கு, சுடுநீரிற் குழைத்து மெல்லிதாகச் சுட்டால் துணிபோல் மடியும். கறி ஆறிய பின்னரே உள்ளே வைத்துச் சுருட்டி, அனலில் வாட்டிய வாழையிலையிற் பொதிய வேண்டும். பொலித்தீன் உணவுத்தாள் 2017இலேயே தடைசெய்யப்பட்டதன்றோ!

ஒன்றில் மாத்திரம் கண்டிப்பு வேண்டும். வயிறு ஊதிய ரின்னை முகர்ந்தும் பார்க்கற்க. ரின்னை அன்று காலையிலேயே திறக்க வேண்டும். மக்கரல் இன மீன் வெப்பத்திற் கிடந்தால் ஹிஸ்டமின் பெருகும். அது பிறகு எவ்வளவு வறுத்தாலும் அகலாது. உறையவைத்த தண்ணீர்ப் போத்தலைப் பொதியோடு சேர்த்து வைத்தால் உணவும் குளிர்ந்திருக்கும், குடிக்கவும் ஆகும். மாலைவரை மிஞ்சினால் எறிந்துவிடுக.

மாலைதீவினர் காலையில் மீனும் தேங்காயும் வெங்காயமும் பிசைந்து ரொட்டியோடு உண்பர். 'மாஸ் ஹுனி' என்பது அதன் பெயர். ஆகவே இது நாம் கண்டுபிடித்த புதுமை அன்று.

வெள்ளிக்கிழமைகளில் நம் வீட்டில் மீன் இல்லை. அன்று கௌபியோடு வறுத்த கச்சானை இடித்துச் சேர்க்கிறோம். உறவினரின் அடுத்த தவணையும் வெள்ளிக்கிழமையாகவே விழுந்திருக்கிறது.