வரைபடத்தை வைத்தே 9 அடி ஆர்.சி. விமானம்: எல்லாமே எடையில்தான் இருக்கு! எப்படி?

கையில் ஒரு பிளான், அதாவது வரைபடம். கூடவே கொஞ்சம் மரம், பசை, துணி. இதை வைத்து ரிமோட்டில் பறக்கும் 9 அடி விமானத்தை வீட்டிலேயே உருவாக்க முடியுமா? முடியும். பல மாதங்கள் ஆகும் என்பது ஒரு பக்கம். ஒவ்வொரு கட்டத்திலும் எடையைக் கவனிக்கலைன்னா, அத்தனை மாத உழைப்பும் சில நொடிகளில் போய்விடும்.

'ஜெயன்ட் ஸ்கேல்' என்றால் என்ன?

ஒற்றை அடுக்கு இறக்கை விமானம் என்றால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குறைந்தது 80 அங்குலம் இருக்க வேண்டும். இரட்டை அடுக்கு என்றால் 60 அங்குலம். அசல் விமானத்தின் கால்வாசி அளவில், அச்சு அசலாகச் செய்த மாடலும் இந்த வகையில் சேரும்.

உதாரணத்துக்கு, அமெரிக்காவின் புகழ்பெற்ற மஞ்சள் நிற பைப்பர் ஜே-3 கப் விமானம். இதன் இறக்கை நீளம் 35 அடி 3 அங்குலம். கால்வாசி அளவில் செய்தால் சுமார் 106 அங்குலம், கிட்டத்தட்ட 9 அடி.

எடைக் கணக்கு எப்படி?

நீளம் நான்கில் ஒன்றாகக் குறைந்தால், இறக்கைப் பரப்பு 16-ல் ஒன்றாகும். எடை 64-ல் ஒன்றாகணும். ஆட்கள், எரிபொருள் எல்லாம் சேர்த்து அசல் கப் தூக்கக்கூடிய அதிகபட்ச மொத்த எடை 1,220 பவுண்டு, அதாவது சுமார் 553 கிலோ. இதை 64-ஆல் வகுத்தால் 8.6 கிலோ. இதற்குள் முடித்தால் மாடல் மெதுவாக, நிஜ விமானம் போலவே மிதந்து வரும்.

இதுவே 12 கிலோ ஆகிவிட்டால்? விமானம் விழாமல் பறக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 18% கூடும். தரையிறக்குவதும் அந்த அளவுக்குக் கஷ்டமாகும்.

கட்டுவது எப்படி?

முழு அளவு பிளானை வளையாத சமமான பலகையில் விரித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட வேண்டும். இல்லைன்னா பசை பிளானிலேயே ஒட்டிக்கொள்ளும். வரைபடக் கோடுகளின் மேலேயே மரத்துண்டுகளை வைத்து, குண்டூசியால் நிறுத்தி ஒட்டணும். பலகை வளைந்திருந்தால் இறக்கையும் முறுக்கிக்கொள்ளும். விமானம் ஒரு பக்கமாகவே சாயும்.

இறக்கையின் குறுக்கு எலும்புகளுக்கு லேசான பால்சா மரம். நீளவாக்கில் பாரம் தாங்கும் சட்டத்துக்கு ஸ்புரூஸ் மரம். எஞ்சின் மாட்டும் முன்பலகைக்கு பிர்ச் பிளைவுட், அதை ஒட்ட எபாக்ஸி. கடைசியில், சூட்டில் சுருங்கும் துணியை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டினால் வெளித்தோல் தயார். காரில் எடுத்துப் போக வசதியாக, இறக்கையை இரண்டு பாதியாகச் செய்து அலுமினியக் குழாயால் இணைப்பார்கள்.

வாலில் ஏன் இவ்வளவு கவனம்?

விமானத்தின் பேலன்ஸ் புள்ளியிலிருந்து மூக்கு பக்கத்தில் இருக்கும், வால் தூரத்தில் இருக்கும். தராசுக் கணக்குதான். வால் மூன்று மடங்கு தூரத்தில் இருந்தால், அங்கே கூடும் 100 கிராமைச் சமாளிக்க மூக்கில் 300 கிராம் ஈயம் வைக்கணும். மொத்தம் 400 கிராம் வீண் சுமை! பால்சாவில் பலகைக்குப் பலகை எடை மாறும் என்பதால், இருப்பதிலேயே லேசானதை வாலுக்கு ஒதுக்குங்க.

பேலன்ஸ் புள்ளி எங்கே என்று பிளானிலேயே குறித்திருப்பார்கள். பெட்ரோல் டேங்க் காலியாக இருக்கும்போது அதைச் சரிபார்க்கணும். மூக்கு கொஞ்சம் கனத்தால் விமானம் மந்தமாகப் பறக்கும், சமாளிக்கலாம். வால் கனத்தால் கட்டுக்கு அடங்காது.

பறக்கவிடும் முன் என்ன செய்யணும்?

* எட்டரை கிலோ எடையும் சுழலும் புரொப்பெல்லரும் ஆளையே காயப்படுத்தும். ஆட்கள், சாலை, வீடுகள் இல்லாத திறந்தவெளியே சரியான இடம்.

* ரேடியோ சிக்னல் அறுந்தால் எஞ்சின் தானாக வேகம் குறையும்படி 'ஃபெயில்சேஃப்' செட் பண்ணுங்க. தரையிலேயே சிக்னல் தூரத்தைச் சோதிங்க.

* ரிசீவருக்கு இரண்டு பேட்டரி வைத்தால், ஒன்று செத்தாலும் இன்னொன்று காப்பாற்றும்.

* இந்தியாவின் டிரோன் விதிகள் 2021-இன்படி, பொழுதுபோக்கு மாடல் விமானம் 25 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. கண்ணுக்குத் தெரியும் தூரத்திலேயே பறக்க வேண்டும். உங்க இடம் சிவப்பு, மஞ்சள் மண்டலத்தில் வருகிறதா என்று 'டிஜிட்டல் ஸ்கை' வரைபடத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்க.

இதுவரை ஆர்.சி. விமானம் ஓட்டியதே இல்லையா? அப்போ சின்ன பயிற்சி விமானத்தில் கை பழகிய பிறகு இதில் இறங்குங்க. முதல் பறத்தலுக்கு முன், அனுபவசாலி ஒருவரிடம் விமானத்தைக் கொடுத்து முழுசா சோதிக்கச் சொல்லுங்க. கட்டும் மேசையில் சமையலறைத் தராசு ஒன்று எப்போதும் இருக்கட்டும். ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் எடை போடுங்க. ஒட்டிய பிறகு எடையைக் குறைப்பது ரொம்பக் கஷ்டம்.