இடுப்புத் தமனியில் ஒரு வீக்கம்

"ஸ்கேன் ரிப்போர்ட்டில் இலியாக் அன்யூரிஸம் என்று எழுதியிருக்கிறதே, டாக்டர்! இது கட்டியா, புற்றுநோயா?" என்று நம் சங்கத்துப் பெரியவர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டும் இல்லை. பழைய சைக்கிள் ட்யூபில் ஓரிடம் மட்டும் புடைத்துக்கொள்வதைப் போல, பலவீனமான இரத்தக் குழாயின் சுவர் உப்பிக்கொள்வதுதான் இது.

இதயத்திலிருந்து இறங்கும் மகாதமனி, தொப்புள் மட்டத்தில் இரண்டாகப் பிரிகிறது. இவையே இலியாக் தமனிகள். ஒவ்வொன்றும் மறுபடி பிரிந்து, ஒரு கிளை காலுக்கும் மற்றொன்று இடுப்புக்குழிக்கும் இரத்தம் கொண்டு செல்கிறது. சாதாரணமாக இத்தமனியின் விட்டம் சுமார் 1 செ.மீ. அது ஒன்றரை மடங்குக்கு மேல் விரிந்தால் அன்யூரிஸம் என்கிறோம். பெரும்பாலும் மகாதமனி வீக்கத்துடன் சேர்ந்தே வரும். தனித்து வருவது அபூர்வம். 60 வயதைத் தாண்டிய ஆண்களுக்கே, அதிலும் புகைபிடிப்பவர்களுக்கே அதிகம்.

சங்கடம் என்னவென்றால், இது இடுப்பெலும்புக் கூட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. வயிற்றைத் தொட்டுப் பார்த்தால் பல சமயம் அகப்படாது. வலியும் இருக்காது. பெரிதானபின் சிறுநீர்க் குழாயையோ நரம்பையோ அழுத்தி, இடுப்பு வலி, தொடை வலி, கால் வீக்கம் என்று தலைகாட்டும். சிறுநீரகக் கல் என்றும் வாயு என்றும் நினைத்து நாளைக் கடத்துபவர்கள் உண்டு. அல்ட்ராசவுண்டில் குடல்காற்று மறைக்கலாம், சி.டி. ஆஞ்சியோகிராம் தெளிவாகக் காட்டிவிடும்.

சிறியதாக இருந்தால் அறுவை தேவையில்லை. குறித்த காலத்தில் ஸ்கேன் எடுத்து அளவைக் கவனித்தால் போதும். புகையை விட்டு, இரத்தக் கொதிப்பைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். 3.5 முதல் 4 செ.மீ. ஆகிவிட்டால், வெடிக்குமுன் சரிசெய்வதே நல்லது. வயிற்றைத் திறந்து டேக்ரான் குழாயைத் தைப்பது பழைய முறை. 1990-ல் அர்ஜென்டினாவின் டாக்டர் யுவான் பரோடி, தொடைத் தமனி வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட்டைச் செலுத்தி, மகாதமனி வீக்கத்துக்குச் சிகிச்சை செய்து காட்டினார். அந்த வழி இப்போது இதற்கும் பயன்படுகிறது. ஸ்டென்ட் வைத்தாலும் ஆயுள் முழுக்க ஸ்கேன் பரிசோதனை உண்டு.

சிகிச்சைக்கு முன் ஒரு கேள்வியைத் தயங்காமல் கேளுங்கள்: "உட்கிளையை அடைத்துவிடுவீர்களா?" அது அடைபட்டால் நடக்கும்போது பிட்டத்தில் வலியும், ஆண்மைக் குறைவும் வரலாம். ஒரு பக்கமாவது காப்பாற்ற முயல்வார்கள். அதற்கென்றே கிளையுள்ள ஸ்டென்ட்டுகள் உள்ளன.

வீக்கம் இருப்பது தெரிந்தவருக்குத் திடீரென்று அடிவயிற்றிலோ முதுகிலோ கடும் வலி, வியர்வை, மயக்கம் வந்தால் கைவைத்தியம் வேண்டாம். உடனே ரத்தநாள அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய், "தமனி வீக்கம் இருக்கிறது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பழைய ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.