சூப்பர்மேனுக்குச் சம்பளம் எவ்வளவு?

ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ‘எனக்குப் பிடித்த வீரர்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்தேன். கட்டபொம்மனும் ஹங் துவாவும் வருவார்கள் என்று எதிர்பார்த்தேன். 17 பிள்ளைகளில் 11 பேர் முகமூடிக்காரர்களையும் ஆகாயத்தில் பறப்பவர்களையும் பற்றியே எழுதியிருந்தார்கள். சரி, என்னதான் சொல்கிறார்கள் பார்ப்போம் என்று ஒவ்வொருவராக எழுப்பி வாசிக்கச் சொன்னேன். ஒரு பையன், சூப்பர்மேன் ரயிலைத் தூக்குவதையும் இடிந்து விழும் கட்டடத்தைத் தாங்கிப் பிடிப்பதையும் மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போனான். பின் வரிசையிலிருந்து ஒரு சிறுமி கையைத் தூக்கினாள்.

“டீச்சர், இதுக்கெல்லாம் அவருக்குச் சம்பளம் எவ்வளவு?”

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளையின் தாயார் விடியுமுன் பெரட்டுக்குப் போய், செம்பனை மரத்தடியில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர். இன்று எத்தனை சாக்கு, அதற்கு எத்தனை வெள்ளி என்ற கணக்கு அன்றாடம் காதில் விழும் வீட்டில் வளரும் பிள்ளை வேறு என்ன கேட்கும்?

“உலகத்தைக் காப்பாற்றும் வேலைக்குச் சம்பளம் கிடையாது அம்மா. கிளார்க் கெண்ட் என்ற பெயரில் ஒரு பத்திரிகையில் நிருபராக வேலை பார்க்கிறார். வயிற்றுப்பாடு அந்தச் சம்பளத்தில்தான்” என்றேன். அவளுக்குத் திருப்தி. ஆனால் அந்தக் கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. அது 130 டாலர். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

நம் பிள்ளைகளை இந்த வீரர்கள் ஏன் இப்படிக் கட்டிப்போடுகிறார்கள்? பலம் என்று சிலர் சொல்வார்கள். பலம்தான் காரணம் என்றால் பீமனும் அனுமனும் போதுமே! எனக்குத் தோன்றுவது வேறு. சூப்பர்மேனிடம் பிள்ளைகளை இழுப்பது அந்தச் சிவப்புத் துணி அல்ல, கிளார்க் கெண்டின் மூக்குக் கண்ணாடி. அலுவலகத்தில் அவர் கூச்சக்காரர், தடுமாறுகிறவர், கூட வேலை செய்யும் லோயிஸ் லேன் அவரை ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஆனால் சட்டைக்குள்ளே என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியும், லோயிஸுக்குத் தெரியாது. பட்டணத்துப் பள்ளிக்கு முதல் நாள் போய், மற்றவர்கள் பேசும் மொழி சரளமாக வராமல் மூலையில் நிற்கும் தோட்டத்துப் பிள்ளைக்கு இந்த இரகசியம் எவ்வளவு இனிக்கும்! ‘உங்களுக்கு என்னைத் தெரியாது, நான் யார் என்று பொறுத்துப் பாருங்கள்’ என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்ளாத பிள்ளை எங்கே இருக்கிறது?

இந்தக் கதாபாத்திரத்தைப் படைத்தவர்களும் அப்படிப்பட்ட பிள்ளைகள்தாம். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் கிளீவ்லண்ட் என்ற ஊர். அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்று இரண்டு மாணவர்கள் நண்பர்களானார்கள். இருவரும் 1914இல் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளைகள். ஜெர்ரி எழுதுவார், ஜோ வரைவார். ஜோவின் வீட்டில் வறுமை. வரைய நல்ல தாள் வாங்க முடியாமல் பொட்டலம் கட்டும் தாளிலும் சுவரில் ஒட்டும் தாளின் பின்பக்கத்திலும் வரைந்தார். தாயார் மாவு பிசையும் பலகைதான் அவருக்குச் சித்திரப் பலகை. 1932இல் ஜெர்ரியின் தந்தையார், தமது துணிக்கடையில் திருடர்கள் புகுந்த இரவில் மாரடைப்பால் இறந்துபோனார். குண்டு துளைக்காத மார்புடைய ஒரு மனிதனை அடுத்த சில ஆண்டுகளில் அந்த மகன் கற்பனை செய்தார் என்றால், அதற்கு நான் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

பல ஆண்டுகள் அந்தக் கதையைத் தூக்கிக்கொண்டு அலைந்தார்கள். பத்திரிகைகள் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தன. கடைசியில் 1938இல் ‘ஆக்ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேன் வெளிவந்தார். விலை 10 காசு.

அந்தத் தொடக்க காலச் சூப்பர்மேனை நம் பிள்ளைகள் பார்த்தால் அடையாளம் தெரியாது. அவருக்குப் பறக்கத் தெரியாது, தாவத்தான் தெரியும். வேற்றுக் கிரகத்து எதிரிகளோடு மோதவும் இல்லை. மனைவியை அடிக்கிற கணவனைச் சுவரோடு சேர்த்து எறிந்தார். நிரபராதியான ஒரு பெண்ணை மரண தண்டனையிலிருந்து காப்பாற்றினார். மூன்றாவது இதழில் வந்த கதை ஒன்று இருக்கிறது. அதைத் தோட்டத்து வாசகர்களுக்கு நான் அவசியம் சொல்லியாக வேண்டும்.

ஒரு நிலக்கரிச் சுரங்கம் சரிந்து விழுகிறது. உள்ளே சிக்கிய தொழிலாளி ஒருவரைச் சூப்பர்மேன் மீட்கிறார். ஆனால் அவர் ஊனமாகிவிடுகிறார். கிளார்க் கெண்ட் நிருபராகப் போய் முதலாளியைக் கேட்கிறார். ‘அவனுடைய அஜாக்கிரதைக்கு நானா பொறுப்பு? மருத்துவச் செலவில் ஒரு பங்கு தருவோம். வேலையை விட்டு நிற்கும்போது 50 டாலர் கிடைத்தாலும் கிடைக்கும்’ என்கிற பாணியில் பதில் வருகிறது. அன்றிரவு முதலாளியின் மாளிகையில் விருந்து. சூப்பர்மேன் சுரங்கத் தொழிலாளி வேடத்தில் போகிறார். பட்டும் வைரமுமாக வந்த விருந்தினர்கள், ஒரு வேடிக்கைக்காகச் சுரங்கத்துக்குள்ளேயே விருந்தை நடத்தலாமே என்று கிளம்பிவிடுகிறார்கள். எல்லாரும் உள்ளே போனதும் சூப்பர்மேன் தூணைப் பிடுங்கி வாசலை அடைத்துவிடுகிறார். முதலாளி அபாய மணியை அடிக்க ஓடுகிறார். அது பழுதாகிக் கிடக்கிறது. பழுதைப் பார்க்காமல் விட்டவரும் அவர்தான். பிறகென்ன, மெல்லிய கைகள் மண்வெட்டியைப் பிடிக்கின்றன. தாம் கொடுத்த கருவிகளின் இலட்சணம் அப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. வெளியே வந்த பிறகு, ‘என் சுரங்கத்தை நாட்டிலேயே பத்திரமான சுரங்கமாக மாற்றுகிறேன்’ என்று வாக்குக் கொடுக்கிறார்.

இது ஒரு சிறுபிள்ளைக் கதைதான். ஆனால் படித்துவிட்டு நான் சற்று நேரம் புத்தகத்தை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிற்காலத்தில் சூப்பர்மேனை இன்னும் பெரிய பலசாலி ஆக்கினார்கள். கோள்களையே நகர்த்த வைத்தார்கள். முதலாளியைச் சுரங்கத்துக்குள் இறக்கிய அந்த மனிதனைத்தான் எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்போது அந்த 130 டாலருக்கு வருவோம். முதல் கதையை வாங்கியபோது நிறுவனம் ஜெர்ரிக்கும் ஜோவுக்கும் கொடுத்த விலை அது. கூடவே ஒரு தாளில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டது. சூப்பர்மேன் என்ற பெயர், உருவம், எதிர்காலம் எல்லாம் அந்தத் தாளோடு கைமாறிப் போயின. காசோலையில் இருவருடைய பெயரையும் தப்பாக எழுதியிருந்தார்கள்!

புத்தகம் இலட்சக்கணக்கில் விற்றது. வானொலி நாடகம் வந்தது, படங்கள் வந்தன, பொம்மைகள் வந்தன. படைத்த இருவரும் தொடர்ந்து எழுதி வரைந்து கூலி வாங்கினார்கள், அவ்வளவுதான். 1947இல் வழக்குத் தொடுத்தார்கள். அடுத்த ஆண்டு 94,000 டாலர் அளவில் ஒரு சமரசத் தொகை கிடைத்தது. அதிலும் பெரும்பகுதி வழக்குச் செலவுக்குப் போயிற்று. வேலையும் போயிற்று. கதையின் தலைப்பில் இருந்த அவர்கள் பெயரும் நீக்கப்பட்டது. ஜோவுக்குக் கண்பார்வை மங்கிக்கொண்டே வந்தது. ஜெர்ரி லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் சின்னக் குமாஸ்தா வேலைக்குப் போனார்.

1975இல் சூப்பர்மேன் திரைப்படத்துக்குப் பெருந்தொகை கைமாறும் செய்தி கேட்டு ஜெர்ரி கொதித்துப்போய், தமக்கு நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்கெல்லாம் அனுப்பினார். நீல் ஆடம்ஸ், ஜெர்ரி ராபின்சன் என்ற இரு சித்திரக்காரர்கள் இவர்களுக்காகக் குரல் கொடுத்தார்கள். இவர்களுக்கு இதனால் சல்லிக்காசு கிடையாது. தொழிலில் மூத்தவர்களுக்கு நேர்ந்த அநியாயம் என்றுதான் வந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. ஆளுக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மருத்துவ உதவி, கதையின் தொடக்கத்தில் பழையபடி பெயர். ஜோ 1992இலும் ஜெர்ரி 1996இலும் காலமானார்கள். பெயர் தப்பாக எழுதப்பட்ட அந்தக் காசோலை 2012இல் ஏலத்துக்கு வந்து 160,000 டாலருக்குப் போயிற்று. வாங்கியவருக்கு வாழ்த்துகள்.

இவர்களுக்காவது உயிரோடு இருக்கும்போது பெயர் திரும்பியது. பேட்மேனை 1939இல் பாப் கேனோடு சேர்ந்து உருவாக்கிய பில் ஃபிங்கர் 1974இல் இறந்துபோனார். அவர் பெயர் முறையாகப் போடப்பட்டது 2015இல்!

சரி, ஸ்பைடர்மேன் பக்கம் வருவோம். என் வகுப்பில் ஓட்டு எடுத்தால் வெற்றி அவருக்குத்தான். 1962இல் ஸ்டான் லீ எழுத, ஸ்டீவ் டிட்கோ வரைந்தார். சிலந்தியை யாருக்குப் பிடிக்கும் என்று பதிப்பாளர் தயங்கியதாகவும், நிறுத்தப்போகும் ஒரு பத்திரிகையின் கடைசி இதழில் சும்மா போட்டுப் பார்த்ததாகவும் ஸ்டான் லீ பலமுறை சொல்லியிருக்கிறார். பீட்டர் பார்க்கர் தாய் தந்தை இல்லாத பிள்ளை. பெரியவர் பென்னும் அவர் மனைவி மேயும் வளர்க்கிறார்கள். சிலந்தி கடித்துச் சக்தி வந்ததும் அவன் முதலில் செய்தது என்ன தெரியுமா? குஸ்திப் போட்டிக்குப் போய்க் காசு சம்பாதித்தான். கண்ணெதிரே ஓடிய திருடனைப் பிடிக்காமல், எனக்கென்ன என்று விட்டுவிட்டான். அதே திருடன்தான் பிறகு அவனுடைய பென் மாமாவைச் சுட்டுக் கொன்றான்.

வீட்டில் சம்பாதிக்க ஆள் இல்லை. வாடகை நிற்கிறது. ஸ்பைடர்மேன் மேடை ஏறி வித்தை காட்டுகிறான். நடத்தியவர் ‘ஸ்பைடர்மேன்’ என்ற பெயருக்குக் காசோலை எழுதிக் கொடுக்கிறார். வங்கியில் அடையாளக் கார்டு கேட்கிறார்கள்! ஊரையே தாண்டிக் குதிப்பவன் வங்கி வாசலில் விழிக்கிறான். அடையாளக் கார்டு இல்லாதவர் படுகிற பாட்டை நம் மக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1963இல் வந்த அந்தக் கதையை வகுப்பில் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள். உடையைத் தானே தைத்துக்கொள்கிறான், கிழிந்தால் ஒட்டுப் போடுகிறான், சளி பிடித்தாலும் சண்டைக்குப் போகிறான். தலையிலிருந்து கால் வரை மூடிய உடை. உள்ளே எந்த நிறத்துப் பையனும் இருக்கலாம். “நானா இருந்தாலும் தெரியாது டீச்சர்” என்றான் ஒருவன்.

தமிழில் படித்தவர்களுக்கு இரும்புக்கை மாயாவி என்றால் ஒரு தனி மயக்கம். அசலில் இவர் இங்கிலாந்துக்காரர். ‘வேலியன்ட்’ என்ற வார இதழில் 1962இல் வந்த லூயிஸ் கிராண்டல். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இவரைத் தமிழ் பேச வைத்தது. விபத்தில் வலது கை போய், இரும்புக் கை பொருத்திக்கொண்டவர். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். ஆரம்பத்தில் இவர் நல்லவரும் இல்லை. கெட்டுப்போய்ப் பிறகு திருந்தியவர். வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ ஸ்பெயின் நாட்டவர். வெறுங்கை ஒன்று சுவர் ஓரமாக ஊர்ந்து வரும் அந்தப் படங்களை ஒருமுறை பார்த்தவர் மறக்க மாட்டார். யோசித்துப் பாருங்கள், ஊனம் என்று ஊர் சொல்கிற அந்த ஓர் உறுப்புத்தான் இவரிடம் மறையாமல் நிற்கிறது. ஆலையில் விரல்களை இழந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர் மகன் இந்தக் கதையை வாங்கிப் போய் நான்கு நாள் திருப்பித் தரவில்லை.

பெண் பிள்ளைகளுக்கு வண்டர் வுமன் இருக்கிறார். 1941இல் அவரைப் படைத்த வில்லியம் மார்ஸ்டன் ஒரு மனோதத்துவ நிபுணர். பொய்யைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு அடிப்படையான இரத்த அழுத்தச் சோதனையில் ஈடுபட்டவர். அதனால்தானோ என்னவோ, அவர் கதாநாயகியின் கையில் இருக்கும் கயிற்றில் மாட்டியவர் உண்மையைக் கக்கியே தீர வேண்டும். அந்தக் கயிறு கிடைத்தால் யாரைக் கட்டுவீர்கள் என்று கேட்டேன். பதில்களை இங்கே எழுதினால் தோட்டத்தில் சண்டை வரும்.

பெற்றோர் சிலர் இந்தப் புத்தகங்களைப் பார்த்தாலே பிடுங்கிவிடுகிறார்கள். 1954இல் அமெரிக்காவிலும் இதே கூச்சல் எழுந்தது. பிரெட்ரிக் வெர்தம் என்ற மனநல மருத்துவர், சித்திரக்கதைகளால்தான் பிள்ளைகள் குற்றவாளி ஆகிறார்கள் என்று புத்தகம் எழுத, செனட் சபைக் குழுவே விசாரணை நடத்தியது. பதிப்பாளர்கள் பயந்துபோய்த் தங்களுக்குத் தாங்களே தணிக்கை வைத்துக்கொண்டார்கள். 2012இல் ஓர் ஆய்வாளர் அந்த மருத்துவரின் பழைய கோப்புகளைப் புரட்டி, பிள்ளைகள் சொன்னதை அவர் தம் வசதிக்கு மாற்றியும் வெட்டியும் எழுதியிருப்பதை எடுத்துக் காட்டினார்.

நானும் சும்மா இருந்தவள் அல்ல. சில ஆண்டுகளுக்கு முன் கணிதப் பாடத்தில் ஒரு பையன் மேசைக்கு அடியில் சித்திரக்கதை படித்துக்கொண்டிருந்தான். பிடுங்கி அலமாரியில் பூட்டி வைத்தேன். ஆண்டு இறுதியில் திருப்பிக் கொடுக்கும்போதுதான் புரட்டிப் பார்த்தேன். தெரியாத சொல்லுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் பொருள் எழுதி வைத்திருந்தான். வாசிப்பில் பின்தங்கியவன் என்று நான் பட்டியலில் எழுதி அனுப்பிய பையன் அவன். அடிதடியும் இரத்தமுமான புத்தகங்களும் கடையில் இருக்கத்தான் செய்கின்றன. வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். ஆனால் பார்த்துவிட்டுப் பிடுங்குங்கள், பார்க்காமலே பிடுங்காதீர்கள்.

ஜெர்ரி, ஜோ கதையையும் வகுப்பில் சொன்னேன். சம்பளம் கேட்ட அதே சிறுமி ஒன்றும் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு வாரம் கழித்து, பயிற்சிப் புத்தகத் தாள்களை நூலால் தைத்து ஒரு சித்திரக்கதை கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். பழச்சாக்கை ஒரு விரலால் தூக்கும் ஒரு பெண்மணியின் கதை. வரைந்தது இவள் அல்ல, பக்கத்து வீட்டுத் தோழி. மேலட்டையில் இருவருடைய முழுப் பெயரும், தகப்பனார் பெயரோடு, கொட்டை எழுத்தில் இருந்தன.

“பேரு சரியா இருக்கா பாருங்க டீச்சர்” என்றாள்.