கூரை பறந்தால் முதலில் படம், பிறகு படுதா

சித்திரை, வைகாசியில் கோடை மழைக்கு முன் வரும் சூறைக்காற்று, ஆடியில் அம்மியையும் நகர்த்தும் மேல்காற்று, ஐப்பசி கார்த்திகையில் அடைமழை. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் ஆண்டுக்கு மூன்று முறையாவது விவசாயி தன் கூரையை அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மேலூர், வாடிப்பட்டி, சோழவந்தான், திருமங்கலம், உசிலம்பட்டி என எந்தப் பக்கம் போனாலும் தகரக் கொட்டகை, சிமெண்டுத் தகடு போட்ட மோட்டார் ரூம், ஓட்டு வீடு, மாட்டுத் தொழு இவைதான் விவசாயியின் சொத்து. காற்று இவற்றைத்தான் முதலில் பிடிக்கிறது.

கூரை பறந்த அன்று விவசாயிக்கு ஒரு குழப்பம் வரும். உள்ளே நெல் மூட்டை, புண்ணாக்கு, விதை, ஸ்டார்ட்டர் பெட்டி எல்லாம் நனைகின்றன. உடனே மூட வேண்டும். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஆள் வந்து பார்க்கும் முன் கை வைத்தால் பணம் கிடைக்காமல் போய்விடுமோ என்று பயம். இந்தப் பயத்தில் சிலர் எதையும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அவசரத்தில் எல்லாவற்றையும் ஒழுங்கு செய்துவிட்டு, காட்டுவதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்கிறார்கள். இரண்டு வழியிலும் நஷ்டம் விவசாயிக்கே.

மூடுவது கடமை

சொத்து இன்சூரன்ஸ் பாலிசிகளில் ஒரு நிபந்தனை உண்டு. சேதம் நேர்ந்த பின் அது மேலும் பெருகாமல் தடுக்கச் சொத்துக்காரர் தம்மால் இயன்ற நடவடிக்கையை எடுக்க வேண்டும் என்பதே அது. இது கப்பல் சரக்குக் காலத்துப் பழைய கொள்கை. இந்தியாவின் 1963 ஆம் ஆண்டுக் கடல் இன்சூரன்ஸ் சட்டம் இதைக் கடமை என்றே சொல்கிறது. அமெரிக்காவில் புயல் எச்சரிக்கை வந்ததும் ஜன்னல்களுக்குப் பலகை அடித்து, பலகை வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துவார்கள். நம் ஊரில் பலகைக்குப் பதில் படுதா எனப்படும் தார்ப்பாய், கிடுகு, பழைய தகரம், மணல் மூட்டை. பொருள்தான் வேறு, கடமை ஒன்றுதான்.

ஆகவே முதல் நாள் காற்றில் தகரம் பறந்தது இன்சூரன்சில் சேரலாம். நான்கு நாள் திறந்தே போட்டதால் ஐந்தாம் நாள் மழையில் மீதி மூட்டைகளும் நனைந்தால், அந்த இரண்டாவது நஷ்டத்தை, “நீங்கள் தடுத்திருக்கலாமே” என்று கம்பெனி தள்ளிவிட இடமுண்டு. மூடலாமா வேண்டாமா என்று யோசிக்கத் தேவையில்லை. மூடத்தான் வேண்டும். மூடுவதற்கு முன் இருந்த நிலையைப் பதிவு செய்துவிட்டு மூட வேண்டும்.

ஆனால் தற்காலிகமாக மூடுவது வேறு, நிரந்தரமாகப் பழுது பார்ப்பது வேறு. படுதா கட்டுவது, கிடுகு வேய்வது, உடைந்த கதவுக்குப் பலகை அடிப்பது, சுவருக்கு முட்டுக் கொடுப்பது ஆகியவை தற்காலிக வேலை. புதுத் தகரம் மாட்டுவது, சுவரை இடித்துக் கட்டுவது, மோட்டாருக்குப் புதுக் காயில் சுற்றுவது ஆகியவை நிரந்தர வேலை. இவற்றைக் கம்பெனி அனுப்பும் சர்வேயர் பார்த்துச் சென்ற பிறகே தொடங்க வேண்டும். இந்தச் சர்வேயர் நிலம் அளக்கும் தாலுகா சர்வேயர் அல்ல. சேதத்தைப் பார்த்து மதிப்புப் போட உரிமம் பெற்றவர்.

முதலில் உயிர்

படம் எடுக்கப் போகும் முன் மெயினை நிறுத்த வேண்டும். கம்பி அறுந்து கிடந்தால் மின்வாரியத்துக்குச் சொல்லி, அவர்கள் வந்து பார்க்கும் வரை அருகில் போகக் கூடாது. சிமெண்டுத் தகட்டின் மேல் ஒருபோதும் கால் வைத்து ஏறக் கூடாது. நனைந்த தகடு சொல்லாமல் உடையும். ஏணியைச் சட்டத்தில் சாத்தி, குறுக்கே பலகை போட்டு, அதன் மேல் நின்றுதான் படுதா இழுக்க வேண்டும். காற்று நிற்கும் முன் தகரத்தைப் பிடிக்க ஓடுவது ஆபத்து.

படம் எடுக்கும் முறை

இன்று பெரும்பாலான வீடுகளில் செல்போன் இருக்கிறது. சேதம் நேர்ந்த அன்றே, ஒரு பொருளையும் நகர்த்தும் முன், கீழ்க்கண்ட வரிசையில் படம் எடுத்தால் அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும்.

1. தூரத்திலிருந்து ஒரு படம். கட்டிடம் முழுவதும், பக்கத்தில் உள்ள கிணறு, கோயில், மின்கம்பம் போன்ற அடையாளமும் தெரிய வேண்டும். இது யாருடைய கொட்டகை என்ற கேள்விக்கு இதுவே பதில்.

2. நான்கு பக்கமும் நின்று நான்கு படங்கள்.

3. சேதமான இடத்துக்கு அருகில் சென்று படங்கள். அளவு நாடாவையோ முழக்கோலையோ பக்கத்தில் வைத்து எடுத்தால் ஓட்டையின் அளவு தெரியும்.

4. உள்ளே இருக்கும் பொருள்கள். எத்தனை மூட்டை, அதில் எத்தனை நனைந்தது என்று எண்ணும்படி இருக்க வேண்டும். மோட்டார், ஸ்டார்ட்டர் ஆகியவற்றில் பொறித்திருக்கும் எண் தெரிய ஒரு படம்.

5. பறந்து போய் வரப்பில் விழுந்த தகரம் விழுந்த இடத்திலேயே ஒரு படம்.

படுதா கட்டி முடித்ததும், முன்பு நின்ற அதே இடங்களில் நின்று மறுபடியும் எடுக்க வேண்டும். முன்னும் பின்னும் ஒன்றாக வைத்துப் பார்த்தால், என்ன சேதம், அதற்கு என்ன பாதுகாப்பு செய்யப்பட்டது என்பது பேச்சில்லாமல் விளங்கும். செல்போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. படங்களை அன்றே வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கோ உறவினருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், போன் தொலைந்தாலும் படம் தொலையாது. அசல் படத்தை மட்டும் போனிலிருந்து அழிக்கக் கூடாது.

நோட்டில் எழுதுவது

2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயல், புதுக்கோட்டை, திண்டுக்கல் வழியாக மேற்கே சென்றது. அப்போது டெல்டா கிராமங்கள் பலவற்றில் பல நாட்கள் மின்சாரம் இல்லை. சார்ஜ் ஏறாத போனால் படம் எடுக்கவும் முடியாது, பேசவும் முடியாது. ஆகவே போனை மட்டும் நம்பாமல் ஒரு நோட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கொட்டகைக்கு எடுத்துக்காட்டாக இப்படி எழுதலாம்:

“மே 9, மாலை 5.30. மேற்கேயிருந்து காற்று. கொட்டகையின் 14 தகரத்தில் 6 பறந்தது. கைமரம் 2 முறிந்தது. உள்ளே நெல் 22 மூட்டை, நனைந்தது 7. இரவு 8 மணிக்குப் படுதா கட்டியது. மே 10, காலை 9.15. இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போன் செய்தது. பேசியவர் பெயர், அவர் கொடுத்த புகார் எண். படுதா ரூ.2,400. ஆணி, கயிறு ரூ.350. இரண்டு ஆள் கூலி ரூ.1,600. ஆக மொத்தம் ரூ.4,350.”

இவ்வளவு போதும். அன்றன்றைக்கு எழுதியதுக்கு இருக்கும் மதிப்பு, ஒரு மாதம் கழித்து நினைவிலிருந்து சொல்வதற்கு இருக்காது.

ரசீது இல்லாத செலவு

கடையில் படுதா வாங்கினால் கடையின் பெயர், தேதி, அளவு, விலை உள்ள பில்லைக் கேட்டு வாங்க வேண்டும். கூலியாளிடம் பில் இருக்காது. ஒரு வெள்ளைத் தாளில் அவர் பெயர், செய்த வேலை, நாள், கொடுத்த தொகை எழுதி, கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வாங்கிக்கொள்ளலாம். போன் மூலம் பணம் அனுப்பினால் அதுவே ஒரு சாட்சி.

இந்தத் தற்காலிகச் செலவை எல்லாப் பாலிசியும் தந்துவிடும் என்று எண்ணக் கூடாது. அது அந்தந்தப் பாலிசியின் வாசகத்தைப் பொறுத்தது. எடுத்துக்காட்டாக, 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொது இன்சூரன்ஸ் கம்பெனிகளும் வழங்கும் பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில், இடிபாடுகளை அகற்றும் செலவு கிளெயிம் தொகையில் 2 சதவீதம் வரை உண்டு. மற்றச் செலவுகளுக்குக் கேட்டுப் பார்க்க வேண்டும். ரசீது இருந்தால்தான் கேட்கவே முடியும். பணம் வராவிட்டாலும் நஷ்டமில்லை. ரூ.2,400 படுதா காப்பாற்றிய 15 மூட்டை நெல்லின் விலை அதைவிடப் பல மடங்கு.

காயலான் கடைக்குப் போடக் கூடாது

உடைந்த ஓடு, வளைந்த தகரம், முறிந்த கைமரம், நனைந்து முளைவிட்ட நெல், எரிந்த ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் ஒரு மூலையில் குவித்து வைக்க வேண்டும். மோட்டாரைக் காயில் சுற்றக் கொண்டுபோக நேர்ந்தால், எரிந்த பழைய காயிலைத் திரும்பத் தரும்படி மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாற்றமெடுக்கும் பொருளை அகற்றியே தீர வேண்டுமானால், எடைபோட்டு, படமெடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, ஒரு மாதிரியாவது எடுத்து வைத்துக்கொண்டு அகற்றலாம்.

சுவர் விழுந்து மாடு இறந்தால், கம்பெனிக்குச் சொல்லாமல் புதைக்கக் கூடாது. காதில் உள்ள கம்மலின் எண் தெரியப் படம் எடுத்து, கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்று பெற வேண்டும். மாட்டு இன்சூரன்சில் கம்மல் இல்லையென்றால் கிளெயிம் இல்லை.

எது எதில் சேரும்?

பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பயிருக்குப் பிரீமியம் கட்டியவர் கொட்டகைக்கும் அதுவே போதும் என்று நினைத்துவிடுகிறார். 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம் வயலில் உள்ள பயிருக்கானது. அறுவடை செய்து வயலில் காயப் போட்ட கதிருக்கு 14 நாள் வரை, பருவம் தவறிய மழை, புயல் மழை போன்றவற்றிலிருந்து பாதுகாப்பு உண்டு. அதற்கும் 72 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். 14447 என்ற எண்ணிலோ, வங்கி அல்லது வேளாண்மைத் துறை மூலமாகவோ சொல்லலாம். எந்தப் பயிருக்கு எந்தச் சேதம் சேரும் என்பதை அந்தந்தப் பருவத்து அறிவிப்பைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மூட்டை கட்டிக் கொட்டகையில் அடுக்கிய நெல் இதில் சேராது.

வீட்டுப் பாலிசி, பம்புசெட் பாலிசி, கோழிப்பண்ணைப் பாலிசி எல்லாம் தனித்தனி. வங்கிக் கடனில் மோட்டாரோ பண்ணையோ போட்டவர்களுக்கு, வங்கியே கடன் கணக்கில் பிடித்து இன்சூரன்ஸ் எடுத்திருக்கக்கூடும். நகலைக் கேட்டு வாங்கி, பெயர், சர்வே எண், காலாவதித் தேதி மூன்றையும் சரிபார்க்க வேண்டும்.

இன்சூரன்ஸ் இல்லாதவர்களும் படம் எடுப்பது வீண் அல்ல. இயற்கைப் பேரிடரில் வீடும் தொழுவும் சேதமானால் வருவாய்த் துறை மூலம் நிவாரணம் உண்டு. அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். தொகை சிறிதுதான். ஆனால் நிவாரணம் வேறு, இன்சூரன்ஸ் வேறு என்பதால் இரண்டிடத்திலும் தகவல் தர வேண்டும்.

கிளெயிம் எழுதும்போது

சேதத்தைக் கண்டதும் கம்பெனிக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். மேலே சொன்ன வீட்டுப் பாலிசியில், சேதத்தைக் கண்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் கிளெயிம் படிவம் போய்ச் சேர வேண்டும். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். ஏழு மூட்டை நனைந்ததைப் பதினேழு என்று எழுதிப் பிடிபட்டால், உண்மையான ஏழுக்கும் பணம் கிடைக்காது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. “முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன்” என்ற சீட்டை, தொகையைப் படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளக் கூடாது. கொடுக்கும் ஒவ்வொரு தாளுக்கும் நகல் எடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும்.

கம்பெனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேட்க வேண்டும். முதலில் கம்பெனிக்கே புகார் எழுத வேண்டும். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியாக இல்லையென்றாலோ, ஓர் ஆண்டுக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. 155255 என்ற எண்ணில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்திடமும் புகார் சொல்லலாம். அங்கெல்லாம் விவசாயிக்காகப் பேசப்போவது அந்தப் படங்களும் நோட்டும் ரசீதும்தான்.

இன்றே செய்ய வேண்டியது

2024 அக்டோபர் 25 அன்று மதுரை நகரில் பிற்பகலில் கொட்டிய கனமழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. சிறிது நேர மழையே அதற்குப் போதுமானதாக இருந்தது. மழை வந்த பிறகு பாலிசித் தாளைத் தேடினால் அதுவும் தண்ணீரில்தான் கிடக்கும்.

வானம் தெளிந்திருக்கும் இந்த நாளிலேயே வீடு, கொட்டகை, தொழு, மோட்டார் ரூம் எல்லாவற்றையும் நல்ல நிலையில் படம் எடுத்து வைக்கலாம். பழுதாகி இற்றுப்போன கூரைக்கு இன்சூரன்ஸ் பணம் கிடைக்காது. காற்றுக்கு முன் கூரை நன்றாகவே இருந்தது என்று காட்ட இந்தப் படம் உதவும். தளர்ந்த ஆணி, கொக்கிகளை முறுக்கிவிட்டு, பாலிசி நகலைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கம்பெனியின் போன் எண்ணைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஒரு படுதா, ஒரு சுருள் கயிறு, ஒரு நோட்டு, ஒரு பேனா ஆகியவற்றை வீட்டில் நனையாத இடம் பார்த்து வைத்துவிட்டால், அடுத்த காற்று எந்த மாதத்தில் வந்தாலும் தடுமாற வேண்டியதில்லை.