காப்பியின் தரம் காணும் நாக்கு

கரிசற் காட்டில் காப்பிச் செடி விளையாது என்பதை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூற வேண்டுவதில்லை. பருத்தியும் உளுந்தும் கம்பும் விளையும் கயத்தாற்று வட்டாரத்தில், காப்பி என்பது மலையிலிருந்து மூட்டையில் வந்து இறங்கும் சரக்கேயாகும். ஆயினும் விடியற்காலையில் காட்டுக்குப் புறப்படும் விவசாயியும், தறிக்குழியில் இறங்கும் நெசவாளியும் முதலில் நாடுவது அதைத்தான். நாள்தோறும் பருகும் பொருளின் தரத்தை அறியாமலே பருகி வருகிறோமோ என்ற ஐயம் அண்மையில் நமக்கு எழுந்தது. அதன் காரணத்தையும் சொல்லிவிடுகிறோம்.

கடையொன்றில் ‘கலப்பற்ற காப்பி’ என்று சொல்லக் கேட்டு அரைக் கிலோ தூள் வாங்கி வந்தோம். வீட்டில் கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீர் நிரப்பி, அதன்மேல் ஒரு சிட்டிகை தூவிப் பார்த்தோம். காப்பித் தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரியோ விரைவில் கீழே இறங்கும், இறங்கும் வழியெல்லாம் பழுப்புக் கோடு விடும். நம் தம்ளரில் கோடுகளுக்குக் குறைவில்லை. சிக்கரி நஞ்சன்று, ஒரு செடியின் வேரை வறுத்துப் பொடித்ததே அது. பாலுடன் சேரும்போது கெட்டியையும் நிறத்தையும் தருவதால் நம்மில் பலர் அதை விரும்பியே பருகுகிறோம். கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையலாகாது, இரண்டின் விகிதத்தையும் உறைமீது அச்சிட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. வேரைக் காப்பியின் விலைக்கு விற்பதுதான் வழக்கு.

நமக்கு அண்மையிலுள்ள காப்பி மலைகளில் ஒன்று கீழ்ப்பழனி மலை. தாண்டிக்குடி, பெரும்பாறை ஆகிய ஊர்களைச் சுற்றி, நிழல் மரங்களின் கீழே, மிளகுக்கும் மலை வாழைக்கும் இடையே காப்பி வளர்கிறது. காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் தாண்டிக்குடியில் உள்ளது. ஒரே கிளையில் பச்சைக் காயும் செம்பழமும் சேர்ந்து நிற்கும். பழுத்ததை மட்டும் பறிப்பதானால் ஒரே செடிக்குப் பலமுறை ஆள் விட வேண்டும், கூலி ஏறும். எல்லாவற்றையும் ஒரே கையாக உருவிப் போட்டால் கூலி மிச்சம்; ஆனால் காயின் துவர்ப்பு கோப்பை வரை வந்து சேரும். சருகும் தூசும் நீக்கிப் பொறுக்கிய பருத்திக்கும் குப்பையோடு வந்த பருத்திக்கும் வியாபாரி ஒரே விலை வைத்தால் நம் காட்டில் யார் சுத்தமாகப் பொறுக்குவார்கள்? குடிப்பவனுக்கு வேற்றுமை தெரியாதவரையில் மலைக் குடியானவனுக்கும் அதே கதிதான்.

இதற்குப் பழைய காரணமும் ஒன்று உண்டு. 1942-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விளைந்த காப்பியை வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. விலைச் சரிவிலிருந்து விவசாயியை அது காத்தது உண்மையே. ஆயினும் தோட்டத்தின் பெயர் தொகுப்பில் கரைந்துபோயிற்று. 1990-களில் அக்கட்டு படிப்படியாகத் தளர்ந்து 1996-இல் நீங்கிய பின்னரே, இன்ன மலை, இன்ன தோட்டம் என்று பெயர் சொல்லி விற்பது பெருகியது. ஆந்திர மாநிலத்து அரக்குப் பள்ளத்தாக்கின் பழங்குடி விவசாயிகள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து, பழுத்த கனியை மட்டும் ஏற்றுப் பொது நிலையத்தில் பதப்படுத்தினர். அவர்களது காப்பிக்கு 2017-இல் பாரிஸ் நகரில் கடையே திறக்கப்பட்டது. 2019-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. தனியொரு சிறு விவசாயியால் ஆகக்கூடிய காரியமா இது?

வறுப்பவரின் கைத்திறன் அடுத்தது. பச்சைக் கொட்டை சூட்டில் மஞ்சளாகி, ரொட்டி மணம் வீசி, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் பொரி பொரிவது போல் வெடிக்கும். அதையடுத்துச் சிறிது நேரத்தில் இறக்கினால் கொட்டையின் சொந்தக் குணம் நிற்கும். கருக வறுத்தால் எந்த மலைக் கொட்டையும் ஒரே கசப்புத்தான். மட்டமான சரக்கைக் கருக்கி விற்பதன் இரகசியம் இதுவே.

இனி, சுவை பார்க்கும் முறை. கால் லிட்டர் நீருக்குச் சுமார் 14 கிராம், கொரகொரப்பாக அரைத்த தூள் போதும். கொதி அடங்கிய நீரை ஊற்றி நான்கு நிமிடம் அசையாமல் விடவேண்டும். மேலே படியும் ஏட்டைக் கரண்டியால் விலக்கும்போது எழும் மணத்தை முகர்ந்து, நுரையை எடுத்துவிட்டு, சற்று ஆறியபின் கரண்டியில் எடுத்துச் ‘சர்’ரென்று ஓசையெழ உறிஞ்ச வேண்டும். (பெரியவர்கள் முன்னிலையில் இது அடிவாங்கித் தரும் பழக்கம்.) பாலும் சர்க்கரையும் கூடாது. நிபுணர்கள் நூற்றுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். எண்பதும் அதற்கு மேலும் பெறுவதே சிறப்புக் காப்பி எனப்படுகிறது. காப்பி வாரியத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பணியாற்றிய பெங்களூர் சுனாலினி மேனன் இக்கலையில் உலகறிந்தவர். நாரத்தையின் புளிப்பா, கருப்பட்டியின் இனிப்பா என்று நம் நாவறிந்த பொருள்களோடு ஒப்பிட்டாலே நமக்குப் போதும்.

நாமும் மூன்று தம்ளர் வைத்துப் பார்த்தோம்: கடைத் தூள் ஒன்று, கருக வறுத்தது ஒன்று, இளவறுப்பான பழனி மலைக் காப்பி ஒன்று. எது எதுவென்று சொல்லாமல் வயது முதிர்ந்த நெசவாளி அங்கத்தினர் ஒருவரிடம் நீட்டினோம். முதலாவதை உறிஞ்சியதும், “இதிலே கஞ்சி ஏத்தியிருக்காங்க, ஐயா” என்றார். மூன்றாவது அவருக்கும் முதலில் புளிப்பாகவே பட்டது. ஆறிய பிறகுதான் மீண்டும் கேட்டு வாங்கினார். நமக்கோ, காலை வேளைக்குச் சிக்கரி சேர்ந்த பால் காப்பியே இன்றும் உகந்தது, அதை மறைப்பானேன்?

ஒன்று மட்டும் கவனிக்கவும். நம் கிணற்று நீர் உப்பும் கடினமும் உள்ளது. நல்ல காப்பியின் மெல்லிய புளிப்பை அது அமுக்கிவிடும். கோவில்பட்டி உறவினர் வீட்டுக் குழாயிலிருந்து ஒரு குடம் தாமிரபரணி நீர் கொண்டுவந்து அதே தூளை மறுபடி இறக்கியபோது, வேறொரு கடைத் தூளோ என்று வீட்டிலுள்ளோர் கேட்டனர்.