கறிக் குழம்புக்குக் கிணற்றடித் தழை

ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்தால் கொத்தமல்லி, புதினாவையும் காசு கொடுத்தே வாங்குகிறோம். கடைத் தழையில் எந்த மருந்தை எப்போது தெளித்தார்கள் என்பது நமக்குத் தெரியாது. கிணற்றடியில் ஒரு சிறு பாத்தி போட்டால் போதும்.

கொத்தமல்லி விதையைத் தரையில் லேசாகத் தேய்த்து, இரண்டாக உடைத்து விதைக்க வேண்டும். சுமார் 40 நாளில் தழை பறிக்கலாம். கோடையில் சீக்கிரம் பூத்துவிடும். கொஞ்சம் நிழல் தேவை. புதினாவுக்கு விதை வேண்டாம். வாங்கிய கட்டில் முற்றிய தண்டுகளை ஈர மண்ணில் ஊன்றினாலே வேர் பிடிக்கும். அரிசி களைந்த தண்ணீர் விடலாம். கறி கழுவிய நீர், சோப்பு நீர் இரண்டும் ஆகாது. இவை துவையலுக்குப் பச்சையாகவும் அரைக்கும் தழைகள் அல்லவா?

கொத்தமல்லித் தண்டை வீச வேண்டாம். புதினா, பச்சை மிளகாய், இஞ்சியுடன் அரைத்துக் கறியோடு வேகவிடலாம். இலையை இறக்கும்போதுதான் போட வேண்டும். நெடுநேரம் கொதித்தால் மணம் போய்விடும். கறிவேப்பிலை மட்டும் நேர்மாறு. முதலிலேயே காய்ந்த எண்ணெயில் பொரிந்தால்தான் அதன் மணம் குழம்பில் இறங்கும்.

முட்டை ஓய்ந்த கோழியானால் பச்சைப் பப்பாளிக்காயைச் சிறிது அரைத்துத் தடவி, அரை மணி நேரம் ஊறவிட்டுச் சமைக்கலாம். அதிகம் தடவினால் கறி குழைந்துவிடும்.