கியர் எத்தனை? காட்டும் கருவியும் அதைப் பொருத்தும் முறையும்

தில்லியில் மோட்டார் சைக்கிள் ஓட்டும் நம்மவர்களை ஒரு கேள்வி கேட்கிறேன். சிக்னலில் நிற்கிறீர்கள். பச்சை விழுகிறது. உங்கள் வண்டி இப்போது முதல் கியரில் இருக்கிறதா, இரண்டாவதிலா? பத்தில் எட்டுப் பேர் காலால் ஒருமுறை தட்டிப் பார்த்துத்தான் சொல்வார்கள். அதற்குள் பின்னால் நிற்கும் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து நம் குலத்தையே விசாரித்துவிடுவார்.

"காதுதான் கியர் காட்டும் கருவி" என்பது பழைய ஆட்களின் வாதம். என்ஜின் சத்தத்தை வைத்தே கியரைச் சொல்லிவிடலாம் என்பார்கள். காலியான சாலையில் அது சரி. முகம் மூடிய ஹெல்மெட் போட்டுக்கொண்டு, இரு புறமும் பஸ்கள் உறுமும் பஞ்ச்குயியான் சாலையில் யாருக்கு எது கேட்கும்? காது மந்தமானவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அவர்களும் ஓட்டத்தானே வேண்டும்?

இன்னொரு சிக்கல், கியர் போடும் முறை வண்டிக்கு வண்டி வேறுபடுவது. பழைய புல்லட்டில் கியர் வலது காலில். முதல் கியருக்கு மேலே தூக்கி, மற்ற மூன்றுக்கும் கீழே அழுத்த வேண்டும். ஸ்ப்ளெண்டர் போன்ற வண்டிகளில் நான்கு கியரும் முன்பக்கம் அழுத்தினால் விழும். இப்போது வரும் பெரிய வண்டிகளில் இடது காலால் முதலாவதற்குக் கீழே, மற்றதற்கெல்லாம் மேலே. அப்பாவின் வண்டியையும் தன் வண்டியையும் மாற்றி மாற்றி ஓட்டும் பையனுக்குக் கால் குழம்பாமல் இருக்குமா?

கியர் எண்ணை மீட்டரிலேயே காட்டும் வழக்கம் புதிதல்ல. 1970களிலேயே ஜப்பானின் சுசுகி தன் பெரிய வண்டிகள் சிலவற்றில் அதை வைத்துவிட்டது. நம் தமிழ்நாட்டில் தயாராகும் ராயல் என்ஃபீல்டில், 2020இல் வந்த மீட்டியார் 350இல் அது உண்டு. கிளாசிக் 350இல் 2024இல் புதுப்பித்த பிறகுதான் வந்தது. ஆகவே அதற்கு முந்தைய வண்டி வைத்திருப்பவர்கள் தனியாக ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொள்கிறார்கள். மந்திர் மார்கில் குடியிருக்கும் நமக்கு அதற்கு அலைச்சலும் இல்லை. கரோல் பாக் நாயிவாலா சந்துகளில் மோட்டார் சைக்கிள் சாமான் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஹங்கேரியின் ஹீல்டெக் கம்பெனி செய்யும் விலை உயர்ந்த ரகம் முதல், பெயரில்லாத சீன ரகம் வரை சந்தையில் உண்டு. வாங்குவது சுலபம். சரியாகப் பொருத்துவதில்தான் விஷயம் இருக்கிறது. நான் மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளின் வண்டிகளில் இதைப் பொருத்திக் கொடுத்த அனுபவத்தில் எழுதுகிறேன்.

கருவிக்கு எப்படித் தெரிகிறது?

இரண்டு வழிகள். முதல் வழி, கியர் பெட்டியையே கேட்பது. கியர் மாற்றும்போது உள்ளே ஓர் உருளை ஒவ்வொரு கியருக்கும் ஒரு குறிப்பிட்ட அளவு திரும்புகிறது. சில வண்டிகளில் அந்த உருளையின் முனையில் ஒரு சென்ஸார் இருக்கும். ஒவ்வொரு கியருக்கும் அது வெவ்வேறு வோல்டேஜ் காட்டும். அந்த வயரிலிருந்து ஒரு கிளை எடுத்துக் கருவிக்குக் கொடுத்தால் போதும். கியர் விழுந்த உடனே எண் மாறும்; வண்டி நின்றாலும் சரியாகக் காட்டும்.

இரண்டாம் வழி, கணக்குப் போடுவது. என்ஜின் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது, சக்கரம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்ற இரண்டும் தெரிந்தால், வகுத்துப் பார்த்துக் கியரைச் சொல்லிவிடலாம். பழைய நான்கு கியர் புல்லட்டின் பல் விகிதங்கள் 2.78, 1.84, 1.36, 1.00. ஒரு பேச்சுக்கு, 40 கிலோமீட்டர் வேகத்தில் நான்காவது கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே வேகத்தில் மூன்றாவதில் 2720, இரண்டாவதில் 3680, முதலாவதில் 5560 சுற்று சுற்றியாக வேண்டும். கருவி செய்வது இந்த வாய்ப்பாட்டைத்தான்.

இதிலிருந்தே இந்த ரகத்தின் குறையும் புரியும். கிளட்ச்சைப் பிடித்தால் என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்துவிடும், கணக்குத் தப்பும். அப்போது எண் மறைந்து ஒரு கோடு வரும், அல்லது தவறான எண் மின்னும். நின்ற வண்டியில் சக்கரம் சுற்றுவதில்லை. ஆகவே அங்கே நியூட்ரல் விளக்கின் வயர் ஒன்றுதான் அதற்கு ஆதாரம். நெரிசலில் பாதி கிளட்ச்சில் ஊரும்போது எண் தாவினால் கருவி கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

பொருத்தும் முறை

முதலில் உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள வயரிங் படத்தைப் பாருங்கள். வயரின் நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். "பச்சை என்றால் எர்த் தான் அங்கிள்ஜி" என்று மிஸ்திரி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உத்தரவாதக் காலம் முடியாத வண்டி என்றால் வயரை வெட்டாதீர்கள். வண்டியின் சாக்கெட்டுக்கு இடையில் செருகிக்கொள்ளும் ரகம் கிடைத்தால் காசு கூடினாலும் அதையே வாங்குங்கள்.

இரண்டாவது, பாட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுத்தான் வயரில் கை வைக்க வேண்டும்.

மூன்றாவது, மின்சாரம் எடுக்கும் இடம். சாவி போட்டால் வந்து, சாவி எடுத்தால் நிற்கும் 12 வோல்ட் வயரிலிருந்து எடுங்கள். பாட்டரியிலிருந்து நேராக எடுத்தால், ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்து வரும்போது பாட்டரி இறங்கிக் கிடக்கும். நடுவில் ஒரு சிறிய ஃப்யூஸ், 1 ஆம்பியர் போதும். எர்த் வயரை பெயின்ட் அடித்த சட்டத்தில் முறுக்காமல் பாட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டு போங்கள்.

நான்காவது, தகவல் தரும் வயர்களைத் தேடுவது. சாலையோர மிஸ்திரிகள் கையில் பல்பு கட்டிய ஒரு சோதனைக் கம்பி இருக்கும். பழைய வண்டிக்கு அது போதும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு மோட்டார் சைக்கிள்களிலும் பெட்ரோலைப் பீய்ச்சுவதைக் கணினிப் பெட்டிதான் கவனிக்கிறது. அதன் சென்ஸார் வயரில் பல்பை வைத்தால், பல்பு இழுக்கும் மின்னோட்டத்தில் அந்தப் பெட்டியே பழுதாகலாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும் பயன்படுத்துங்கள்.

ஐந்தாவது, இணைப்பு. வயரைக் கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வேலையை எளிதாக்கும். ஆனால் ஒரு மழைக்காலம் போனால் உள்ளே பச்சை பூத்துவிடும். ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் குழாயை மேலே போடுங்கள். கறுப்பு டேப் தில்லி வெயிலில் பசை உருகி அவிழ்ந்துகொள்ளும்.

ஆறாவது, வயர் போகும் பாதை. சைலன்சரைத் தொடக்கூடாது, ஸ்பார்க் பிளக்குக்குப் போகும் தடித்த வயரோடு சேர்த்துக் கட்டக்கூடாது. கழுத்துப் பகுதியில் தளர்வாக விட்டு, ஹாண்டில்பாரை இரு புறமும் முழுக்கத் திருப்பி, எங்கும் இழுபடவில்லை, நசுங்கவில்லை என்று பாருங்கள். இந்த ஆறாவது விஷயத்தை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் உண்டு.

ஒரு சம்பவம்

எங்கள் தெருவில் ஒரு நண்பரின் மகன். வேறொரு பேட்டையில் ஏதோ ஒரு கடையில் கருவியைப் பொருத்திக்கொண்டு வந்தான். ஒரு மாதம் நன்றாக ஓடியது. "மாமா, ஹாண்டிலை இடது பக்கம் முழுக்கத் திருப்பினா சில சமயம் தானா நியூட்ரல்னு காட்டுது" என்று போகிற போக்கில் சொன்னான். "வண்டியை உடனே கொண்டு வா" என்றேன். பரீட்சை மும்முரத்தில் அவன் வரவில்லை. மறு வாரம் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டியில் ஏறி, நியூட்ரல் விளக்கைப் பார்த்து, கிளட்ச் பிடிக்காமல் ஸ்டார்ட்டரை அழுத்தினான். வண்டி முதல் கியரில் இருந்திருக்கிறது. பாய்ந்து போய்க் காம்பவுண்டுச் சுவரில் மோதியது. கழுத்துப்பட்டை எலும்பில் விரிசல். அந்த வருஷப் பரீட்சையில் இரண்டு தாள்களை அவன் எழுத முடியவில்லை.

பிரித்துப் பார்த்தேன். கருவிக்காக எடுத்த நியூட்ரல் வயரின் கிளை கழுத்தில் நசுங்கித் தோல் உரிந்திருந்தது. நியூட்ரல் ஸ்விட்ச் செய்யும் வேலையே அந்த வயரை எர்த்தோடு தொடவைப்பதுதான். உரிந்த வயர் சட்டத்தைத் தொட்டாலும் வண்டிக்கு அது நியூட்ரல்தான். மீட்டரில் உள்ள பச்சை விளக்கும் எரியும், புதுக் கருவியும் 'என்' என்று காட்டும். இரண்டுக்கும் ஒரே வயர் என்பதால் ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்க முடியாது. அதோடு, கியரில் இருக்கும்போது கிளட்ச் பிடிக்காவிட்டால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கும் காவலும், சைடு ஸ்டாண்டோடு கிளம்பினால் என்ஜினை நிறுத்தும் காவலும் பல வண்டிகளில் இதே வயரை நம்பித்தான் இருக்கின்றன. ஒரு வயர் உரிந்ததில் எல்லாம் போயிற்று.

ஆகவே ஒரு சோதனை கட்டாயம். கருவி பொருத்துவதற்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்யுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரம் தரையைத் தொடாமல் வையுங்கள். முதல் கியர் போட்டு, கிளட்ச்சை விட்டுவிட்டு ஸ்டார்ட்டரைத் தொடுங்கள். முன்பு ஸ்டார்ட் ஆகாத வண்டி இப்போது ஆனால், உடனே சாவியை எடுத்துவிட்டு நியூட்ரல் வயரைத் தேடுங்கள். ஹாண்டிலை இரு பக்கமும் திருப்பி வைத்தும் இதையே செய்யுங்கள்.

கணக்குப் போடும் ரகத்துக்கு ஒவ்வொரு கியரையும் கற்றுக்கொடுக்க வேண்டும். பலர் சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின் சக்கரத்தைச் சுழலவிட்டே இதைச் செய்கிறார்கள். அப்போது செயினைத் துடைக்கிறேன் என்று துணியோடு கையை நீட்டாதீர்கள். சுழலும் செயினில் விரலை இழந்தவர்கள் உண்டு. குழந்தைகளையும் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

கோளாறுகளும் காரணங்களும்

கருவியில் வெளிச்சமே இல்லை என்றால் முதலில் ஃப்யூஸ், பிறகு 12 வோல்ட், கடைசியில் எர்த். இந்த வரிசையில் பார்த்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஸ்டார்ட்டரை அழுத்தும்போது அணைந்து எரிந்தால் கருவியைக் குறை சொல்லாதீர்கள். பாட்டரி தளர்ந்திருக்கும். ஓய்வில் 12.6 வோல்ட் அருகிலும், என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அருகிலும் இருக்க வேண்டும்.

நியூட்ரல் சரி, மற்ற எண்கள் மட்டும் தாவுகின்றன என்றால் என்ஜின் சுற்றைச் சொல்லும் வயரில் இரைச்சல். ஸ்பார்க் பிளக் வயரிலிருந்து தள்ளி வையுங்கள், எர்த்தைப் புதுப்பியுங்கள்.

நேற்றுவரை சரி, செயின் செட் மாற்றியபின் தவறு என்றால் விடை சுலபம். முன் ஸ்ப்ராக்கெட்டில் 17 பல்லுக்குப் பதில் 16 பல் போட்டால் விகிதம் சுமார் 6 சதவீதம் மாறும். கியர்களுக்கிடையே இடைவெளி அதிகமுள்ள வண்டியில் இது தெரியாது. ஆறு கியர் வண்டியில் ஐந்துக்கும் ஆறுக்கும் இடைவெளி குறைவு; கருவி குழம்பிப் போகும். மறுபடி கற்றுக்கொடுங்கள்.

நியூட்ரலில் இருந்தும் 'என்' வரவில்லை என்றால் நியூட்ரல் ஸ்விட்ச்சில் அழுக்கு. இது தொல்லை மட்டுமே. கியரில் இருக்கும்போது 'என்' வருவதுதான் ஆபத்து. அப்படி ஒருமுறை வந்தாலும், அடுத்த ஞாயிறு பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றே வண்டியை நிறுத்திப் பாருங்கள்.

கடைசியாக இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கருவி என்ன காட்டினாலும், கிளட்ச்சைப் பிடித்த பிறகே ஸ்டார்ட்டரை அழுத்தும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அந்த ஒரு பழக்கத்துக்கு வயரும் வேண்டாம், பாட்டரியும் வேண்டாம்.